கங்கையும் நெல்லும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

"அன்றைய வாழ்வும் இன்றைய வாழ்வும்" என்னும் பொருள் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். முதியோரை மேடையேற்றி இத்தகைய தலைப்பைக் கொடுத்தால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நீங்கள் முன்னரே அறிவீர்கள். அக்காலத்தில் பாலில் நீரில்லை, நெய்யிற் கலப்பில்லை, பிள்ளைகள் பெரியோர் சொல்லைத் தட்டியதில்லை என்றெல்லாம் கூறி, இக்காலத்தை நாலு வார்த்தை வைதுவிட்டு அமர்வார்கள். நாங்களும் அவ்வாறே பேச எண்ணியிருந்தோம். ஆனால், சென்ற சங்கராந்திக்கு ஊருக்குப் போயிருந்தபோது பழைய கணக்குப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. அது எங்கள் எண்ணத்தை மாற்றிவிட்டது. அப்புத்தகத்தை முன்வைத்தே இன்று பேச விரும்புகின்றோம்.

எங்கள் ஊர் சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர்ப் பக்கம். நெல்லூர் என்றவுடன் கடற்கரையோரத்துப் பெரிய நெல்லூரை நினைத்துவிடாதீர்கள். இது மேற்கே, பாறைக் குன்றுகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் நடுவே உள்ள நெல்லூர். கங்காதரன் என்பது கங்கையைச் சடையில் தாங்கிய சிவபெருமானின் திருப்பெயர். நெல்லூர் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஊரின் பெயரில் தண்ணீரும் இருக்கிறது, நெல்லும் இருக்கிறது. எங்கள் இளமையில் தண்ணீர் இருந்தது, நெற்சோறு இல்லை. இன்று எல்லார் வீட்டிலும் நெற்சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. எழுபது ஆண்டுகளில் எங்கள் பக்கத்து வாழ்க்கையில் நேர்ந்த மாறுதலின் பெரும் பகுதி இதனுள் அடங்கிவிடும். மிச்சமுள்ள ஒரு பகுதியை இறுதியிற் சொல்லுகின்றோம்.

கணக்குப் புத்தகம்

எங்கள் தந்தையார் சிறு வேளாளர். நாலு ஏக்கர் மேட்டு நிலமும், கிணற்றுப் பாய்ச்சலில் ஒரு துண்டு நஞ்சையும் அவருக்கு உண்டு. அவர் 1957ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் எழுதிவைத்த வரவு செலவுப் புத்தகம் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது. ஓரங்கள் அரித்துப்போயிருந்தாலும் எழுத்து அழியவில்லை. பெரும்பாலும் இன்று நாம் கையாளும் தமிழெழுத்தே அது. கால், அரை, முக்கால் என்பவற்றுக்குப் பழைய குறிகளை இட்டிருந்தார்.

புத்தகத்தைக் கூடத்தில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் இளவலின் பேத்தி அருகில் வந்து அமர்ந்தாள். எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். தமிழைச் சரளமாகப் பேசுவாள். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரிய தாத்தா, கொள்ளுத் தாத்தா என்ன எழுதியிருக்கார்? படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

எழுத்து மங்கியதால் கேட்கிறாள் என்று முதலில் எண்ணினோம். பிறகுதான் விளங்கியது. அவளுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியும், இந்தியும் ஓரளவு தெரியும். தன் வீட்டிற் பேசும் மொழியின் எழுத்து மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆகவே நாங்கள் படித்தோம், அவள் கேட்டாள். கேட்டவள் இடையிடையே வினாவிய வினாக்களே இவ்வுரைக்கு அடிப்படை.

காசும் அளவும்

முதற் பக்கத்திலேயே அவள் எங்களை நிறுத்திவிட்டாள். "அணான்னா என்ன?"

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை என்று சொன்னவுடன் அவள் சிரித்துவிட்டாள். இவ்வளவு கடினமான கணக்கை வைத்துக்கொண்டு எப்படி வாழ்ந்தீர்கள் என்பது அவள் ஐயம். நாங்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தமையால் எங்களுக்கு அது கடினமாகத் தோன்றவில்லை. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்னும் புதுக்கணக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தலை சுற்றியது.

தந்தையார் அந்நாளில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். அரை அணாவுக்கு 3 நயா பைசா, ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. இப்பட்டியலை உற்று நோக்கினால் ஒரு வேடிக்கை தெரியும். ஓரணாப் பொருளை நான்கு முறை தனித்தனியே வாங்கினால் 24 நயா பைசா. ஒரே முறையில் நாலணாவுக்கு வாங்கினால் 25. அந்த ஒரு நயா பைசாவுக்காகக் கடைவீதியில் நடந்த வழக்குகள் எண்ணிறந்தன. சில கடைக்காரர் ஓரணாப் பண்டத்துக்கு 7 நயா பைசா கேட்டனர். கொடுக்க மறுத்த கிழவி ஒருத்தி, "என் ஓரணாவை எனக்கே கொடு" என்று தெருவில் உட்கார்ந்துவிட்டதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். 1964ஆம் ஆண்டில் 'நயா' என்னும் அடைமொழி நீங்கிற்று. அணா மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும் 25 பைசாவை எல்லாரும் நாலணா என்றே வழங்கினர். 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாளோடு அந்நாணயமும் செல்லாததாயிற்று.

காசுக்கு அடுத்தபடி அளவு மாறியது. தானியத்துக்கு ஆழாக்கு, படி, மரக்கால். வெல்லத்துக்கும் புளிக்கும் பலம், வீசை, மணங்கு என்பன எங்கள் வாய்பாடு. 40 பலம் ஒரு வீசை. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,400 கிராம். ஆனால் படி ஊருக்கு ஊர் வேறுபடும். விளைவித்தவன் அளந்து கொடுக்கும்போது ஒரு படியும், அவனே கடனாகப் பெறும்போது வேறு படியுமாக இருந்த வீடுகளும் உண்டு. தந்தையாரின் புத்தகத்தில் ஒரு வரி: "கேழ்வரகு கடன் வாங்கியது 2 மரக்கால், நம் படியில் அளந்ததில் ஒரு படி குறைவு." 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவுகள் படிப்படியாக வந்து, கிலோவும் லிட்டரும் எங்கும் ஒன்றாயின. அந்த ஒரு படி கேழ்வரகு இனி எந்த ஏழைக்கும் அவ்வழியிற் குறையாது. மரக்காலின் அழகை எண்ணி நாம் ஏங்கலாம். அதனால் ஏமாற்றப்பட்டவர் ஏங்கமாட்டார்.

நெல்

"அரிசின்னு எழுதவே இல்லையே, தாத்தா? அப்ப என்ன சாப்பிட்டீங்க?" என்பது அவளது அடுத்த வினா.

உண்மைதான். அவ்விரண்டு ஆண்டுப் புத்தகத்தில் நெல் என்னும் சொல் வரவுப் பக்கத்தில்தான் இருக்கிறது. நஞ்சையில் விளைந்த நெல்லை விற்றுத் தீர்வை கட்டினோம், வட்டி கட்டினோம், துணி எடுத்தோம். நாங்கள் உண்டது கேழ்வரகும் கம்பும். காலையிற் கூழ், இரவிற் களி, தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ வேர்க்கடலைத் துவையலோ. களியைத் தெலுங்கர் சங்கட்டி என்பர். பெயர் இரண்டானாலும் பானை ஒன்றே. நெற்சோறு தீபாவளிக்கு, சங்கராந்திக்கு, விருந்தினர் வந்த நாளுக்கு. விருந்தினர் வந்துவிட்டால் நாங்கள் மகிழ்ந்தது அவர்மேற் கொண்ட அன்பினால் மட்டுமன்று என்பதை இவ்வவையில் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

1983ஆம் ஆண்டில் என். டி. ராமாராவ் அவர்களின் அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. ஓராண்டு ஈராண்டுக்குள் எங்கள் பக்கத்துக் குடிசைகளிலும் நாள்தோறும் சோறு வெந்தது. அதுவரையில் நெல்லூரிற் பிறந்தும் நெல்லைக் கண்ணால் மட்டும் கண்டவர்கள் வயிறார உண்டனர். இன்றோ மருத்துவர்கள் கேழ்வரகை உண்ணுமாறு அறிவுரை கூறுகின்றனர். நகரத்துக் கடைகளில் அது நல்ல விலைக்கு விற்கிறது. களியை விரும்பி உண்பதற்கும், களியன்றி வேறில்லாமல் உண்பதற்கும் உள்ள வேற்றுமையை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் தாய்மார்களை நினைவுகூராமல் மேற்செல்ல இயலாது. கேழ்வரகு தானாக மாவாவதில்லை. எங்கள் அன்னையார் விடியலுக்கு நான்கு நாழிகை முன்பே எழுந்து திரிகையின் முன் அமர்வார். அவ்வோசை கேட்டே நாங்கள் கண் விழிப்போம். பிறகு உரலிற் கம்பு இடித்தல். அதன்பின் கிணற்றுக்குப் போய் நாலு நடை தண்ணீர். சாணம், தொழுவம், வயல். மாலையில் விறகு பொறுக்கக் குன்றுக்குச் சென்று தலைச்சுமையோடு திரும்புதல். புகையில் அடுப்பூதி ஊதி அவர் கண்கள் நாற்பது வயதிலேயே மங்கிவிட்டன. அம்மியில் அரைத்த துவையலின் சுவையைப் புகழாத முதியவர் இல்லை. அம்மியின் முன் அமர்ந்து அரைத்தவரின் தோளைக் கேட்டவர் யார்?

மாவரைக்கும் ஆலை வந்ததும், கோயம்புத்தூரில் உருவான அரவை எந்திரங்கள் வீடுதோறும் பரவியதும், 1999ஆம் ஆண்டில் ஆந்திர அரசு 'தீபம்' என்னும் திட்டத்தால் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கியதும் இக்காலத்தின் பெரும் நன்மைகள். எங்கள் அன்னையார் தம் இறுதிக் காலத்தில் எரிவாயு அடுப்பைக் கண்டார். மருமகள் பொத்தானைத் திருகியதும் நீலச்சுடர் எழுந்தது. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்து, "இது முப்பது வருஷம் முன்னாலேயே வந்திருக்கப்படாதா?" என்றார். அக்காலமே பொற்காலம் என்று எழுதத் துணியும்போதெல்லாம் அவ்வினா எங்கள் செவியில் ஒலிக்கிறது.

சில வெற்றுப் பக்கங்கள்

புத்தகத்தின் நடுவில், 1958ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு பக்கம் வந்தது. "சின்னவளுக்கு அம்மை. வேப்பிலை, இளநீர்" என்றொரு வரி. அதன் கீழ் ஒன்றுமில்லை. அடுத்த பக்கமும் வெறுமையாக இருந்தது. பதினேழு நாளுக்குப் பின் கேழ்வரகுக் கணக்கு மீண்டும் தொடங்குகிறது.

சிறுமி, "ஏன் எழுதலை?" என்றாள். சின்னவள் எங்கள் தங்கை. நாலு வயது. பெரியம்மை அவளைக் கொண்டுபோயிற்று. அந்த ஆண்டு அந்நோய் நாடெங்கும் பரவிப் பல்லாயிரவரைப் பலிகொண்டது. தந்தையார் துயரத்தை எழுதுபவர் அல்லர்; எழுதாமல் விட்ட தாள்களில்தான் அதைக் கண்டோம்.

1962ஆம் ஆண்டில் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் நாடு முழுவதும் தொடங்கப்பெற்றது. ஊசி போடுவோர் வரும்போது பிள்ளைகளைக் குதிரில் ஒளித்துவைத்த வீடுகள் உண்டு; எங்கள் தந்தையாரோ அவர்களை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அழைத்துச் சென்றார். 1975ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்நோய் அற்றது. 1980ஆம் ஆண்டில் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டு. இன்று ஏறத்தாழ 70. இவ்வெண்களைப் பள்ளிப் பாடமாகப் படிப்பது ஒன்று. ஒரு கணக்குப் புத்தகத்தின் வெற்றுத் தாளுக்கு அருகில் வைத்துப் படிப்பது வேறு.

கங்கை

இனித் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்பகுதியில்தான் எங்கள் மனம் கனக்கிறது.

சித்தூர்ப் பகுதியில் நீவா என்றோர் ஆறு உண்டு. அது பொன்னையாற்றோடு கூடிப் பாலாற்றை அடைவது. எங்கள் இளமையிலும் அது ஆண்டு முழுதும் ஓடியதில்லை. ஆனால் கோடையில் மணலைக் கையாற் பறித்தால் முழங்கை ஆழத்தில் ஊற்று சுரக்கும். பெண்கள் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவர். அந்நீரின் தெளிவை இன்று புட்டியில் விற்கும் நீரிலும் நாங்கள் கண்டதில்லை.

வயலுக்குக் கவலைக் கிணறு. இளைஞர்களுக்குக் கவலை என்றால் துன்பம் என்றே பொருள் தெரியும். சரிவான பாதையில் இரண்டு எருதுகள் கீழ்நோக்கி நடக்க, அவற்றோடு பிணைத்த வடம் பெரியதொரு சாலைக் கிணற்றிலிருந்து மேலே இழுக்க, சாலின் அடியிலுள்ள தோற்குழாய் வழியாக நீர் வாய்க்காலிற் பாயும். எருதுகள் பின்னடி வைத்து ஏறச் சால் மீண்டும் இறங்கும். இதுவே கவலை இறைத்தல். காணிப்பாக்கத்து விநாயகர் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் தலவரலாறும் வயலுக்கு நீரிறைக்கக் கிணற்றைத் தூர் தோண்டிய மூன்று உடன்பிறந்தாரைப் பற்றியதே. எங்கள் சீமையில் தெய்வமும் கிணற்றிலிருந்தே எழுந்தருளிற்று. தந்தையாரின் புத்தகத்தில் மாதந்தோறும் ஒரு வரி தவறாமல் வருகிறது: "சாலுக்குத் தோல் தைத்த கூலி."

எங்கள் கிணறு முப்பது அடி ஆழம். அதைக் கொண்டு அரை ஏக்கரே பாயும். எருதுகள் களைத்தால் இறைப்பு நின்றுவிடும். கிணறு இரவில் மீண்டும் ஊறிக்கொள்ளும். எருதின் வலிமை எவ்வளவோ அவ்வளவே நாங்கள் நிலத்தடியிலிருந்து எடுக்க முடிந்தது. அந்த எல்லையை நாங்கள் அறிவினால் வகுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வறுமை வகுத்தது.

1960களில் மின்சாரம் வந்தது. எருதுக்கு ஓய்வு கிடைத்தது. எங்கள் முதுகுக்கும் ஓய்வு கிடைத்தது. நிலக்கடலை விளைந்த மேட்டில் கரும்பு ஏறிற்று. சித்தூர் வெல்லச் சந்தைக்கு வண்டிகள் வரிசையிற் சென்றன. வீடுகள் ஓடு வேய்ந்தன, பிள்ளைகள் கல்லூரிக்குச் சென்றனர். நாங்கள் இந்நகருக்கு வந்து உத்தியோகம் பார்ப்பதற்குக் காரணமான படிப்பும் அந்தக் கரும்பினால் வந்ததே. ஆகையால் அதைப் பழிக்க எங்களுக்கு வாயில்லை. ஆனால் எந்திரத்துக்குக் களைப்பில்லை. ஒரு கிணறு வற்றியதும் அதை ஆழமாக்கினோம். அதுவும் வற்றியதும் ஆழ்துளையிட்டோம். இருநூறு அடியில் கிடைத்த நீர் ஐந்நூறுக்குப் போயிற்று. இன்று ஆயிரம் அடி துளைத்தும் புழுதி பறந்த கதைகளை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். எங்கள் கவலைக் கிணறு இன்று குப்பைக் குழி. நீவாவில் ஊற்றுப் பறித்த மணலில் பெரும் பகுதி கட்டடங்களுக்குப் போய்விட்டது. கரும்பு குறைந்து, குறைந்த நீரில் நிற்கும் மாமரங்கள் பெருகின. வீட்டு வாயிலில் தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் குடங்களை எங்கள் இளமையில் நாங்கள் கண்டதில்லை.

கிருஷ்ணை நீரை ஸ்ரீசைலத்திலிருந்து ராயலசீமைக்குக் கொண்டுவரும் பெருந்திட்டத்துக்கு ஹந்திரி-நீவா என்று பெயர். நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்து வேற்று ஆறு வந்து நீவாவின் பெயரைக் காக்க வேண்டிய நிலை நேர்ந்துள்ளது. வரட்டும், வாழ்த்துவோம். எனினும் ஏரிகளைத் தூர் வாரி, மழைநீரைத் தேக்கி, எடுத்த அளவுக்குத் திருப்பிக் கொடுக்கும் கடமை ஊராருடையதே. அது எந்தக் கால்வாயினாலும் நீங்காது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் மறைத்தல் தகாது. அந்த நிறைந்த கிணறு எல்லார்க்கும் நிறைந்திருக்கவில்லை. சேரிப் பெண்கள் குடத்தோடு கிணற்றுக்கு எட்ட நின்று, மேற்குலத்துப் பெண் யாரேனும் ஊற்றுவாரா என்று காத்திருப்பர். எங்கள் அன்னையார் ஊற்றுவார்; அதை அறம் என்றும் கருதினார். அவர்கள் தாமே இறைத்துக்கொண்டால் என்ன என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எங்கள் கிணற்றங்கரைக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. தெருக்குழாய் வந்த பிறகே அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. 2009ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் கங்காதர நெல்லூர் தாழ்த்தப்பட்டோர்க்கு உரிய சட்டமன்றத் தொகுதி. அன்று எட்ட நின்றவர் வழிவந்தவர்கள் இன்று மேடையில் நின்று வாக்குக் கேட்கின்றனர். இதுவும் நாங்கள் கண்ட மாறுதலே. மகிழ்ச்சியோடு கண்ட மாறுதல்.

எழுத்து

இறுதியிற் சொல்லுவோம் என்று ஒன்றை வைத்திருந்தோம். அது அச்சிறுமியின் முதல் வினாவைச் சார்ந்தது.

1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு சென்றது. ம. பொ. சிவஞானம் அவர்களும் மங்கலங்கிழார் போன்ற பெரியோரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. எங்கள் ஊர் ஆந்திரத்தில் நின்றது. நாங்கள் இந்நகருக்குக் குடிபெயர்ந்தது 1968ஆம் ஆண்டில். ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே, வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே, நாங்கள் வெளிமாநிலத் தமிழர் ஆகிவிட்டோம்.

அதனால் எங்களுக்கு எவரும் இன்னல் செய்யவில்லை. சந்தையிலே தெலுங்கும் வீட்டிலே தமிழுமாக எங்கள் நா இரண்டிலும் பழகிற்று. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பகலிற் கதைப் பிரசங்கம், இரவிற் கூத்து. ஒரு நாள் அர்ச்சுனன் தபசுமரம் ஏறுவான். கடைசி நாள் மண்ணாற் செய்த பேருருவத் துரியோதனன் படுகளத்திற் கிடப்பான். தெலுங்குக் கூத்தும் தமிழ்க் கூத்தும் எங்களுக்கு ஒன்றே. இன்றும் அவ்விழா நடைபெறுகிறது. பேச்சுத் தமிழும் வாழ்கிறது.

எழுத்துத்தான் போயிற்று. எவ்வாறு போயிற்று என்பதை ஆராய்ந்து பார்த்தோம். நாங்கள் தொடக்கப் பள்ளியில் தமிழிற் படித்தோம். எங்கள் இளவலின் மக்கள் காலத்தில் அருகிலிருந்த பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. ஆயினும் அவர்கள் தமிழ் எழுதக் கற்றனர். காரணம் கடிதம். எங்கள் அன்னையார்க்குக் கையெழுத்திடவும் தெரியாது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு. அவர் மற்றத் தொண்ணூற்றொரு பேருள் ஒருவர். நாங்கள் இந்நகரிலிருந்து உள்நாட்டு அஞ்சலில் எழுதுவோம். பேரப்பிள்ளைகள் அதை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும்; அவர் சொல்லச் சொல்ல மறுமொழி எழுத வேண்டும். பாட்டிக்குக் கடிதம் படிப்பதற்காகவே அப்பிள்ளைகள் தமிழ் கற்றனர். எழுத்தறியாத ஒரு மூதாட்டி தம் வீட்டில் இருபது ஆண்டு தமிழெழுத்தைக் காத்தார்.

பிறகு தொலைபேசி வந்தது. வாரத்துக்கு ஒருமுறை குரலைக் கேட்டோம். கடிதம் நின்றது. நின்ற நாளை ஒருவரும் குறித்துவைக்கவில்லை. அதை நிறுத்தியவர்கள் நாங்களே. அஞ்சல் நிலையம் இருந்தது, தாள் இருந்தது, எங்களுக்குச் சோம்பல் இருந்தது. எல்லை மாறியபோது போகாத எழுத்து, கடிதம் நின்றபோது போயிற்று. சிறுமி எங்களுக்குக் கைப்பேசியில் அனுப்பும் செய்திகள் தமிழ்தான். ஆங்கில எழுத்தில் வருகின்றன. அவளைக் குறைகூற என்ன இருக்கிறது?

கணக்கை முடிப்போம்

கணக்குப் புத்தகத்தைப் பற்றிப் பேசினோமாகையால் கணக்குப் பார்த்தே முடிக்கிறோம்.

வரவுப் பக்கத்தில் சோறு இருக்கிறது, நோயின்மை இருக்கிறது, புகையில்லாத அடுக்களை இருக்கிறது, சரியான அளவு இருக்கிறது, கிணற்றங்கரையில் எட்ட நிற்காத மானம் இருக்கிறது. இவற்றுள் ஒன்றையேனும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழங்காலத்துக்குப் போக எங்கள் அன்னையார் உடன்பட்டிருக்கமாட்டார். செலவுப் பக்கத்தில் இரண்டு உள்ளன: நீரும் எழுத்தும். இவ்விரண்டையும் எவரும் எங்களிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. நீரை அளவின்றி எடுத்து இழந்தோம். எழுத்தை எடுத்தாளாமல் இழந்தோம்.

நீரை மீட்பது ஊரிலுள்ளோர் கடமை. நாம் பொருளுதவி செய்யலாம். எழுத்தை மீட்பதோ இவ்வவையில் அமர்ந்துள்ள ஒவ்வொருவராலும் இயலும். இந்நகரில் நம் பிள்ளைகளின் நிலையும் அச்சிறுமியின் நிலையே அன்றோ? ஆண்டுக்கு ஒரு நாள் விழா எடுத்து, மலர் வெளியிட்டு, அம்மலரைப் படிக்கத் தெரியாத பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் போவதில் பயனில்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இச்சங்கக் கட்டடத்தில் எழுத்து வகுப்பு நடக்கட்டும். அதனினும் எளிய வழி ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு கடிதம், கையால், தமிழில், உங்கள் பேரப்பிள்ளை ஒருவருக்கு எழுதுங்கள். படித்துக்காட்ட யாரையேனும் அப்பிள்ளை தேடட்டும். தேடத் தொடங்கினால் கற்கத் தொடங்கும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். சங்கராந்தி முடிந்து திரும்பியதும் முதற் கடிதம் எழுதினோம். மாலைதோறும் கைப்பேசியில் முகம் பார்த்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தோம். உயிரெழுத்துப் பன்னிரண்டும் முடிந்து மெய்க்கு வந்தபோது அவள் வழக்கிட்டாள். "தெலுங்கில் க-வுக்கு நாலு எழுத்து இருக்கு. இங்க ஒண்ணுதானா? கங்காதர நெல்லூர்னு எழுதினா எப்படிச் சரியாப் படிப்பாங்க?" நல்ல வினா. ஊரை அறிந்தவர் சரியாகப் படிப்பார், அறியாதவர்க்கு நீ சொல்லிக்கொடு என்றோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தாள்.

சென்ற திங்கள் அவளிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. நாலே வரி. றகரமும் ரகரமும் இடம் மாறியிருந்தன. கொள்ளுத் தாத்தாவின் புத்தகத்தில் மூன்று பக்கம் தானே படித்துவிட்டதாகவும், "சாலுக்குத் தோல் தைத்த கூலி" என்ற வரி இப்போது விளங்குவதாகவும் எழுதியிருந்தாள். கடைசி வரியில் ஒரு வினா இருந்தது: "சின்னவள் பேர் என்ன? புத்தகத்தில் இல்லை."

அதற்கு விடையெழுதி அனுப்பிவிட்டே இவ்விழாவுக்கு வந்தோம்.